கிரகோரியார் கதையை எழுதப் போகிறீர்களா? புறாவைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வையுங்கள்

செப்டம்பர் 3 நெருங்கினால் ஏதாவது ஒரு பங்கில் யாராவது ஒருவர் தலையில் இந்த வேலை விழும்: "பெரிய கிரகோரியார் திருநாள் வருது, பங்கு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க." கிரகோரியார் ஏறக்குறைய 1400 வருடம் முன்பு ரோமில் இருந்த திருத்தந்தை, அதாவது போப். எனக்கும் ஒரு வருடம் இந்த வேலை விழுந்தது. வீட்டில் கிடந்த பழைய புனிதர் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டி, அவர் காதில் ஓதும் பரிசுத்த ஆவிப் புறா, ரோம் சந்தையில் நின்ற பொன்முடிச் சிறுவர்கள், கோட்டை உச்சியில் வாளை உறையில் போட்ட மிக்கேல் சம்மனசு, கிரகோரியன் பாட்டு என்று ஒன்றுவிடாமல் கோத்து ஒரே இரவில் முடித்துவிட்டேன். மலர் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என்னை நிறுத்தி, "எல்லாம் சரி தம்பி, இதுல அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், அடுத்து மாட்டப் போகிறவருக்கு உதவும்.

முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள். கிரகோரி என்ற பெயரில் 16 திருத்தந்தையர் இருந்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியவர் முதலாமவர், 590 முதல் 604 வரை ஆட்சியில் இருந்தவர். நாள்காட்டியைத் திருத்தியவர் பதின்மூன்றாம் கிரகோரி, அது 1582-இல், ஏறக்குறைய ஆயிரம் வருடம் தள்ளி. இரண்டையும் ஒரே ஆள் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. போதாக்குறைக்கு நம்மவர் காலத்திலேயே இன்றைய பிரான்சின் தூர் நகரத்தில் கிரகோரி என்று ஓர் ஆயர் இருந்தார், அவரும் இந்தக் கதைக்குள் வருவார் என்பதால் அவரைத் 'தூர் கிரகோரி' என்று ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். திருநாள் விஷயமும் ஒரு வரி தெரிந்திருக்கட்டும்: மார்ச் 12 அவர் இறந்த நாள், பழைய திருநாள் அதுதான், கிழக்குத் திருச்சபையில் இன்றும் அதுதான், தவக்காலத்துக்குள் விழுகிறது என்பதால் நம் நாள்காட்டியில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட செப்டம்பர் 3-க்கு மாற்றினார்கள்.

அடுத்து ஒரு தாளில் எலும்புக்கூடு மாதிரி வருடங்களை எழுதிக்கொள்ளுங்கள், இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 540 வாக்கில் ரோமில் பிறப்பு. தந்தை கொர்தியானுஸ், தாய் சில்வியா, செலியோ குன்றில் பெரிய வீடு, சிசிலியில் நிலபுலன், முன்னோரில் ஒருவர் திருத்தந்தை பெலிக்ஸ். 570-களின் தொடக்கத்தில் ரோம் நகர நிர்வாகத்தில் உயர்ந்த பதவி. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவு. சொந்த வீட்டையே பெலவேந்திரர் பெயரில், அதாவது அந்திரேயா பெயரில் மடமாக்கினார், சிசிலியில் இன்னும் 6 மடங்கள். 579-இல் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸ் இவரைத் தூதராகக் கான்ஸ்டான்டினோபிளுக்கு அனுப்பினார், அங்கே ஆறேழு வருடம். யோபு புத்தகத்துக்கு அவர் எழுதிய பெரிய விளக்கம் அங்கேதான் தொடங்கியது. நாம் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த 'தலையான பாவங்கள் ஏழு' பட்டியலின் வேர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. திரும்பி வந்து மடம், 590-இல் திருத்தந்தை, 604-இல் மரணம். எலும்புக்கூடு இவ்வளவுதான்.

இனிமேல்தான் உண்மையான வேலை. கதை ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு எண் எழுதுங்கள்: இதை முதலில் எழுதி வைத்தவர் எத்தனை வருடம் கழித்து எழுதினார்? இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். தூர் கிரகோரி 590-ஐப் பற்றி எழுதியது அந்தக் காலத்திலேயே, அவருடைய தியாக்கோன் (குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டர்) ஒருவர் ரோமுக்குப் போய்விட்டு வந்து சொன்னதை வைத்து. அவருக்குப் பூஜ்யம் போடலாம். ரோம் ஆயர்மார் வரிசையைச் சொல்லும் 'திருத்தந்தையர் ஏடு' இவரைப் பற்றிச் சில வரிகளோடு முடித்துவிடுகிறது, ஏமாற்றமாகத்தான் இருக்கும். இவருடைய முதல் முழு வாழ்க்கை வரலாறு ரோமில் எழுதப்படவில்லை, இங்கிலாந்தில் விட்பி என்ற மடத்தில் பெயர் தெரியாத ஒருவர் எழுதியது, அதற்கு 100. அடுத்து பீட் என்ற துறவி 731-இல் முடித்த இங்கிலாந்துத் திருச்சபை வரலாறு, அதற்கு 127. ரோமில் யோவான் என்ற தியாக்கோன் எழுதிய பெரிய சரித்திரம் 870-களில்; அதற்கு 270. நம் புனிதர் புத்தகங்களில் வருகிற சுவையான பகுதிகள் பெரும்பாலும் இந்த 100-லிருந்து 270-க்குள் விழுகின்றன. புறாவுக்கு எண் 100.

எண் பெரிதாக இருந்தால் தூக்கிப் போடச் சொல்லவில்லை. "பிற்காலத்தில் இப்படிச் சொன்னார்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். கிரகோரியாருடைய கண்ணீரைக் கண்டு கடவுள் என்றோ செத்துப்போன ராயர், அதாவது ரோமப் பேரரசர், திராயானை நரகத்திலிருந்து விடுவித்தார் என்று விட்பி மடத்துக்காரர் சொல்லும் கதையை யார்தான் விடுவார்? எனக்கே விட மனசில்லை. ஆனால் அது 8-ஆம் நூற்றாண்டுத் துறவிகளுக்கு இவர் மேல் இருந்த பாசத்தைக் காட்டுகிறதே தவிர, 6-ஆம் நூற்றாண்டில் நடந்தது எதையும் காட்டவில்லை.

சரி, எண் பூஜ்யமாக உள்ள சரக்குக்கு எங்கே போவது? இங்கேதான் கிரகோரியார் விஷயத்தில் நமக்கு லாட்டரி அடித்திருக்கிறது. அவருடைய கடிதங்கள் 850-க்கு மேல் பிழைத்திருக்கின்றன, ஆட்சியின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்றாக 14 புத்தகம். ஆங்கிலத்தில் பெரிய பகுதி 19-ஆம் நூற்றாண்டிலேயே மொழிபெயர்க்கப்பட்டு, பதிப்புரிமை தீர்ந்து, இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. படிக்கும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அந்தக் கணக்கில் வருடம் செப்டம்பரில் தொடங்கும், ஜனவரியில் இல்லை. இதைக் கவனிக்காமல் தேதி போட்டால் ஒரு வருடம் முன்பின் ஆகிவிடும், எனக்கு ஆனது.

850-ஐயும் படிக்க நேரம் இருக்காது. சிசிலியில் திருச்சபை நிலங்களைப் பார்த்துக்கொண்ட பேதுரு என்ற உதவித் தியாக்கோனுக்கு எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். பஞ்ச காலத்தில் ரோமுக்குச் சோறு போட்டது அந்த நிலங்கள்தான், ஆகவே போப் என்றால் பாதி நேரம் பண்ணையார் வேலை. 591-இல் எழுதிய நீளமான கடிதம் ஒன்றில் இறங்கி இறங்கி விசாரிக்கிறார்: விளைச்சல் அமோகமாக இருக்கிற வருடத்தில் குடியானவனிடம் அடிமாட்டு விலைக்குத் தானியம் வாங்குகிறீர்களாமே, சந்தை விலை கொடுங்கள், அளக்கிற மரக்காலைப் பெரிதாக்கி ஏமாற்றாதீர்கள், கல்யாணம் பண்ணுகிற குடியானவனிடம் ஒரு பொற்காசுக்கு மேல் வாங்கக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு, தான் குடியானவர்களுக்கு எழுதியதைப் பண்ணை பண்ணையாக வாசித்துக் காட்டச் சொல்கிறார், நாளைக்கு யாராவது அக்கிரமம் செய்தால் தனக்கு என்ன உரிமை என்று அவர்களுக்கே தெரியட்டும் என்று. நான் முதலில் எழுதிய நாலு பக்கத்தில் இந்த மரக்கால் இல்லை. வாத்தியார் கேட்டது இதைத்தான்.

அதே பேதுருவுக்கு இன்னொரு கடிதம். நீ ஒரு மோசமான குதிரையும் ஐந்து நல்ல கழுதைகளும் அனுப்பியிருக்கிறாய். குதிரை மோசமானது என்பதால் அதில் ஏற முடியவில்லை, கழுதைகள் நல்லவைதான், ஆனால் கழுதைகள் ஆயிற்றே, அவற்றிலும் ஏற முடியவில்லை என்கிறார். திருச்சபையின் மறைவல்லுநர், மேற்கின் நான்கு பெரிய தந்தையரில் ஒருவர், இப்படியும் எழுதுவார். இதைக் கட்டுரையின் முதல் பத்தியில் வைத்துப் பாருங்கள், ஒருவர்கூடப் பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

590-ஆம் வருடத்தை மட்டும் கொஞ்சம் நின்று எழுதுங்கள், அது தன்னாலேயே கதையாக நிற்கிற இடம். முந்தைய வருடக் கடைசியில் திபேர் ஆற்றில் வெள்ளம், திருச்சபையின் தானியக் கிடங்குகள் போயின; அதன் பின்னாலேயே கொள்ளைநோய், பெலாஜியுஸ் அதிலேயே இறந்தார். மக்கள் கிரகோரியாரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவருக்கோ துளியும் விருப்பமில்லை, சம்மதம் கொடுக்காதீர்கள் என்று கான்ஸ்டான்டினோபிளில் இருந்த ராயர் மௌரிசுக்கே எழுதிப்பார்த்தார். பதில் வரும்வரை சும்மா இருக்கவில்லை. நகரத்தை ஏழு கூட்டமாகப் பிரித்தார்: குருக்கள், துறவிகள், கன்னியர், குழந்தைகள், ஆண்கள், கைம்பெண்கள், மணமான பெண்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு கோவிலிலிருந்து மன்றாடிக்கொண்டே கிளம்பி மாதா பேராலயத்தில் வந்து சேர வேண்டும். போகிற வழியிலேயே ஒரு மணி நேரத்துக்குள் 80 பேர் விழுந்து செத்தார்கள் என்கிறார் தூர் கிரகோரி. ஆனாலும் நம் கிரகோரியார் நிறுத்தவில்லை. கோட்டை உச்சியில் வாளை உறையில் போட்டு, நோய் தீர்ந்தது என்று காட்டிய மிக்கேல் சம்மனசு தூர் கிரகோரியின் ஏட்டில் எங்கேயும் இல்லை, பல நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தார். இன்று அந்தக் கோட்டை உச்சியில் நிற்கும் வெண்கலச் சிலை 18-ஆம் நூற்றாண்டு. என்னைக் கேட்டால் 80 பேர் செத்த பிறகும் நிற்காமல் நடந்த அந்தக் கூட்டத்துக்குச் சம்மனசு தேவைப்படவில்லை.

பொன்முடிச் சிறுவர்கள் கதைக்கு வருவோம், இதை விட்டால் பங்கில் உங்களை விட மாட்டார்கள். ஆங்கிலி இனத்துச் சிறுவர்களைப் பார்த்து, இவர்கள் ஆங்கிலிகள் அல்ல, ஆஞ்செலிகள், அதாவது சம்மனசுகள் என்று இலத்தீனில் சிலேடை சொன்னாராம். விட்பி ஏட்டில் அழகான பையன்கள் ரோமுக்கு வந்தார்கள் என்பதோடு சரி. சந்தையும் விற்பனையும் பீடின் புத்தகத்தில்தான் வருகின்றன. இதற்குப் பக்கத்தில் 595-இல் காந்திதுஸ் என்ற குருவுக்கு கிரகோரியார் தாமே எழுதிய கடிதத்தை வையுங்கள். கால் (Gaul) நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கத்தில், நமக்கு வருகிற வருமானத்தில் உள்ள காசு ரோமில் செல்லாது, எனவே அங்கேயே அதைச் செலவு செய், ஏழைகளுக்குத் துணி வாங்கு, பதினேழு பதினெட்டு வயது ஆங்கிலப் பையன்களை வாங்கி மடங்களில் சேர்த்து வளர்க்கச் செய் என்கிறார். சிலேடை எதுவும் இல்லை, செல்லாக் காசை என்ன செய்வது என்ற கவலைதான் இருக்கிறது, அதற்குள்ளேதான் இங்கிலாந்து பற்றிய எண்ணமும் இருக்கிறது. அடுத்த வருடம் தன் மடத்திலிருந்தே அகுஸ்தீன் என்பவரைத் துறவிகளோடு அனுப்பினார். பாதி வழியில் அவர்களுக்கு உதறல் எடுத்துவிட்டது, திரும்பி வரட்டுமா என்று கேட்க அகுஸ்தீனையே ரோமுக்கு அனுப்பினார்கள். கிரகோரியார் தைரியம் சொல்லி ஒரு கடிதத்தையும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். 597-இல் இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கெண்ட் நாட்டில் போய் இறங்கினார்கள்.

இங்கே ஒரு கடிதம் கட்டாயம் வேண்டும். 601 ஜூனில் கெண்ட் அரசன் எதல்பெர்ட்டுக்கு எழுதும்போது, பழைய தெய்வங்களின் கோவில்களை இடித்துத் தள்ளு என்கிறார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, யோசித்துப் பார்த்தேன் என்று சொல்லி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லித்துஸ் என்பவர் வழியாக வேறு செய்தி போகிறது: கோவில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளித்துப் பயன்படுத்துங்கள், அவர்கள் மாடு வெட்டி விருந்து வைக்கிற வழக்கத்தையும் ஒரேயடியாகப் பிடுங்காமல் திருநாள் விருந்தாக மாற்றிக் கொடுங்கள், உயரம் ஏறுகிறவன் தாவி ஏறுவதில்லை, படிப்படியாகத்தான் ஏறுவான் என்று. இரண்டு கடிதத்தையும் சேர்த்தே சொல்லுங்கள், இரண்டாவதை மட்டும் சொன்னால் அவர் மனம் மாறியது தெரியாமல் போய்விடும். மதுரையில் தெ நோபிலி என்ற இத்தாலியக் குரு குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாமா என்று ஆயிரம் வருடம் கழித்து எழுந்த சண்டையும் இதே வகைதான்; 1623-இல் அனுமதி கொடுத்துத் தீர்ப்புச் சொன்னவரும் ஒரு கிரகோரி, பதினைந்தாமவர்.

இசையைப் பற்றி எழுதுவதென்றால் சுருக்கமாக முடியுங்கள். இன்று நாம் கிரகோரியன் என்று சொல்லும் பாட்டு முறை உருவெடுத்தது 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், பிராங்கு அரசர்களின் நாட்டில். பாட்டுப் புத்தகத்தை இவர் தலையில் உறுதியாகக் கட்டியவர் நாம் 270 போட்ட யோவான் தியாக்கோன். வேடிக்கை என்னவென்றால், 595-இல் ரோமில் கூடிய சங்கத்தில் கிரகோரியார் போட்ட சட்டம் தியாக்கோன்கள் பூசையில் பாடவே கூடாது, நற்செய்தி வாசித்தால் போதும் என்பது; குரல் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஆள் எடுக்கிறீர்கள், நடத்தையைப் பார்ப்பதில்லை என்று அவருக்குக் கோபம். பாடகர் குழுவில் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தார்கள், இரண்டு வாரம்.

அற்புதங்களுக்கு 'உரையாடல்கள்' என்ற அவருடைய நூலைப் பாருங்கள். ஆசீர்வாதப்பரை, அதாவது துறவி பெனடிக்டை, பற்றி நமக்குத் தெரிந்த கதை எல்லாம் அதன் இரண்டாம் புத்தகம் கொடுத்தது. நான்காம் புத்தகத்தில் யுஸ்துஸ் என்ற துறவி வருகிறார்: மூன்று பொற்காசை ஒளித்து வைத்திருந்தது சாகும்போது தெரிய வருகிறது, காசோடு சேர்த்தே அவரைக் குப்பைமேட்டில் புதைக்கச் சொல்கிறார் கிரகோரியார். அப்புறம் மனம் கேட்கவில்லை, முப்பது நாள் விடாமல் பூசை வைக்கச் சொல்கிறார். உத்தரிக்கிற ஆன்மாவுக்காகத் தொடர்ந்து 30 பூசை ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தின் மூலம் இதுதான். இதை எழுதும்போது குப்பைமேட்டை விட்டுவிடாதீர்கள். அந்தக் கடுமை இல்லாமல் பிந்தைய இரக்கத்துக்கு எடை இல்லை.

கடைசியாக, சங்கடமான பக்கங்கள். மலருக்குத்தானே என்று மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள். 602-இல் போக்காஸ் என்ற படைவீரன் ராயர் மௌரிசைக் கவிழ்த்து, மகன்களைத் தந்தையின் கண்முன் வெட்டி, அவரையும் கொன்றான். மூத்த மகன் தியோதோசியுசுக்கு ஞானத்தகப்பன் யார் தெரியுமா? கிரகோரியார். அவனும் பிழைக்கவில்லை. அப்படியும் போக்காசுக்கு இவர் எழுதிய வாழ்த்துக் கடிதம் மகிழ்ச்சி பொங்க இருக்கிறது. இத்தாலிக்குள் படையெடுத்து வந்த லொம்பார்டு இனத்தார் வாசலில் நிற்கும்போது ரோமுக்கு அரசனின் தயவு வேண்டும், அந்தக் காலத்துக் கடித மரபே அப்படித்தான் என்று காரணம் சொல்வார்கள், அதையும் எழுதுங்கள். எனக்கு அந்தக் கடிதம் இன்னும் உறுத்துகிறது, அதையும் எழுதினேன். யூதர்கள் விஷயத்திலும் இரண்டு பக்கம் உண்டு: பலெர்மோவில் ஆயர் பறித்துக்கொண்ட தொழுகைக்கூடங்களுக்கு ஈடு கொடு, புத்தகங்களைத் திருப்பிக் கொடு என்று கண்டிப்பாக உத்தரவு போட்டவரே, திருச்சபை நிலத்தில் குடியிருக்கும் யூதர் மனம் மாறினால் வாடகையைக் குறைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். மகதலா மரியாவைப் பாவியான பெண்ணோடு ஒன்றாக்கிப் பிரசங்கம் செய்ததும் இவரே, 591 வாக்கில். அந்த முடிச்சை நம் வழிபாட்டு நாள்காட்டி அவிழ்த்தது 1969-இல்.

படம் போடுவதாக இருந்தால் மூன்றடுக்குக் கிரீடம் வேண்டாம், அது அவர் காலத்தில் இல்லை. அப்பாவின் நீள முகமும் அம்மாவின் வட்ட முகமும் அளவாகக் கலந்த முகம் என்று அவருடைய மடத்தில் இருந்த பழைய ஓவியத்தைப் பார்த்து யோவான் தியாக்கோன் எழுதியிருக்கிறார்.

முடிக்கிற இடத்தைத் தேடி அலையாதீர்கள், கடிதங்களே அதையும் தருகின்றன. கடைசி வருடங்களில் கால்வீக்கமும் வலியும் அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டன. 603 டிசம்பரில் லொம்பார்டு அரசி தியோதெலிந்தாவுக்கு எழுதுகிறார், பத்து வருடம் முன்பு ரோமை முற்றுகையிட்ட அதே அகிலுல்பின் மனைவி. நீ அனுப்பிய இறையியல் கேள்விகளுக்குப் பதில் எழுத முடியவில்லை, பேசக்கூடத் தெம்பில்லை, வந்த தூதர்களே பார்த்தார்கள் என்கிறார். அந்த வருடம் ஞானஸ்நானம் பெற்ற அவளுடைய குழந்தை மகனுக்குத் திருச்சிலுவை மரத்துண்டு வைத்த ஒரு சிலுவையும், பாரசீகப் பெட்டியில் வைத்த நற்செய்தி வாசகமும் அனுப்புகிறார். அப்புறம் அவன் அக்காவுக்கு மூன்று மோதிரம், இவற்றை நீயே உன் கையால் பிள்ளைகளுக்குக் கொடு என்று ஒரு வரி. மூன்று மாதம் கழித்து, மார்ச் 12-இல் இறந்தார்.